சாம்பல் மேகமும் வான் வழியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், எரிமலைகள் கக்கும் சாம்பலால் ஆகாய விமானங்களுக்கு நேரும் அபாயம். எரிமலையே இல்லாத நம் ஊரில் இந்தப் பேச்சுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். எரிமலையின் அடிவாரத்தில் குடியிருப்பவனுக்கு அதனால் ஆபத்து உண்டு என்று எடுத்துச் சொல்ல மண்டபமும் ஒலிபெருக்கியும் வேண்டியதில்லை. மலை உறுமத் தொடங்கிய அன்றே அவன் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அடுத்த ஊருக்குப் போய்விடுவான். ஆனால், அந்த மலை எந்தத் தேசத்தில் இருக்கிறது என்பதையே அறியாமல், அதன் பெயரை வாழ்நாளில் ஒரு முறையேனும் கேள்விப்படாமல், பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கும் ஒரு பிரயாணிக்கு அதே மலையால் உயிருக்கு உலை வரக்கூடும் என்றால், அது பேசத் தகுந்த விஷயம் அல்லவா?

மலையடியில் இருப்பவன் அறிந்த செய்தி வானில் இருப்பவனுக்கு எட்டாமற் போகிறதே, அதுதான் இந்த அபாயத்தின் ஆணிவேர் என்பது என் கட்சி. சாம்பல் பொல்லாதது, மெய்தான். அது எவ்வளவு பொல்லாதது என்பதையும் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன். ஆயினும், வந்து சேராத செய்தி அதனினும் பொல்லாதது. என் கட்சியை நிலைநாட்டுவதற்கு நான் ஒரு விமானத்தின் கதையைத்தான் முதலில் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் தேதி. லண்டனிலிருந்து நியூஸிலாந்தின் ஆக்லாந்துக்குப் போக வேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று, பம்பாய் வழியாகக் கோலாலம்பூர் வந்து, அங்கே விமானிகள் மாறிக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை நோக்கிக் கிளம்பிற்று. உள்ளே பிரயாணிகள் 248 பேர். பணியாளர் 15 பேர். தலைமை விமானி எரிக் மூடி. துணை விமானி ரோஜர் கிரீவ்ஸ். எஞ்சின்களைக் கவனிக்கும் பொறியாளர் பாரி டவுன்லி ஃப்ரீமன். இரவு வேளை. இந்தோனேஷியாவின் ஜாவாத் தீவுக்குத் தெற்கே, 37,000 அடி உயரத்தில் விமானம் சென்றுகொண்டிருந்தது. வானிலை காட்டும் ராடார் திரையில் ஒரு துளி மேகம் இல்லை. ஆகாயம் நிர்மலமாக இருக்கிறது என்றே அந்தத் திரை சொல்லிற்று.

அந்த நிர்மலமான ஆகாயத்தில்தான் விமானத்தின் முன்கண்ணாடியில் சிறு சிறு ஒளிப்பொறிகள் ஓடத் தொடங்கின. இடிமேகங்களிடையே கப்பல் செலுத்திய பழைய மாலுமிகள் பாய்மரத்தின் நுனியில் கண்டு, செயின்ட் எல்மோ நெருப்பு என்று பெயரிட்ட அதே மின்னொளி. மேகமே இல்லாத இடத்தில் இது எங்கிருந்து வந்தது? எஞ்சின்களின் வாயிலிலும் ஒளி. சுழலும் விசிறித் தகடுகளினூடே அது முன்னோக்கிப் பாய்ந்தது. பிரயாணிகள் இருந்த பகுதியிலோ மெல்லிய புகை படர்ந்தது. விமானத்துக்குள் புகைபிடிக்க அனுமதி இருந்த காலம் அது; ஆகையால் யாரோ சிகரெட்டை ஊதித் தள்ளுகிறார்கள் என்றே முதலில் நினைத்தார்கள். புகையோ தடித்துக்கொண்டே போயிற்று; அதனோடு கந்தக நெடியும் ஏறிற்று.

பிறகு நிகழ்ந்ததெல்லாம் ஓரிரு நிமிஷங்களில் நிகழ்ந்து முடிந்தது. 4ஆவது எஞ்சின் திணறி அணைந்தது. அதை முறைப்படி நிறுத்தி ஒரு நிமிஷம் ஆவதற்குள் 2ஆவது எஞ்சின் அணைந்தது. அடுத்த சில விநாடிகளில் 1ஆவதும் 3ஆவதும் ஏறக்குறைய ஒருங்கே அணைந்தன. இருந்தவை நான்கு, நான்கும் போயின! ஒரு ஜம்போ விமானம் எஞ்சின் ஒன்றுகூட இன்றி மிதக்குமா என்று கேட்பீர்கள். மிதக்கும், பதினைந்து அடி முன்னே போவதற்குள் ஓர் அடி கீழே இறங்கும். அந்தக் கணக்கின்படி அவர்களுக்கு மிஞ்சியிருந்த அவகாசம் 23 நிமிஷம். மிஞ்சியிருந்த தூரம் சுமார் 170 கிலோமீட்டர்.

இந்த நிலைமையில் எரிக் மூடி பிரயாணிகளுக்குச் செய்த அறிவிப்பு விமானப் போக்குவரத்தின் சரித்திரத்தில் பிரசித்தி பெற்றது. ஒரு சிறு சிக்கல் ஏற்பட்டிருக்கிறது, நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன, அவற்றை மீண்டும் இயக்க எங்களால் ஆன மட்டும் முயன்றுகொண்டிருக்கிறோம், நீங்கள் அதிகமாகக் கலவரப்படவில்லை என்று நம்புகிறேன் என்பது அதன் சாரம். நான்கு எஞ்சின்களும் நின்றதைச் சிறு சிக்கல் என்று சொல்லும் நிதானம் நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நம் வீட்டில் மின்விசிறி நின்றாலே தெருவுக்கு வந்து இரைகிறோம்.

விமானி நிதானமாக இருந்தார்; செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை. நான்கு எஞ்சின்களும் நின்றன என்று ஜகார்த்தாவுக்கு வானொலியில் சொன்னார்கள். நான்காவது எஞ்சின் நின்றது என்று அங்கே காதில் வாங்கிக்கொண்டார்கள். பக்கத்தில் பறந்துகொண்டிருந்த இந்தோனேஷியாவின் கருடா நிறுவன விமானம் ஒன்று நடுவே நின்று எடுத்துச் சொன்ன பிறகே கீழே இருந்தவர்களுக்கு விஷயம் விளங்கிற்று. இதற்கிடையே விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. கிரீவ்ஸ் பிராணவாயு முகமூடியை எடுத்தால், அதன் குழாய் தனியே கழன்று கையில் வருகிறது. அவர் மூச்சு முட்டிப் போய்விடாமல் இருக்க, இருக்கிற உயரத்தையும் செலவழித்து விமானத்தை விரைவாகக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. முன்னே ஜாவாவின் தென்கரை மலைகள். அவற்றைத் தாண்ட 11,500 அடி உயரமாவது வேண்டும். 12,000 அடிக்குள் எஞ்சின் எழவில்லையானால் திரும்பிப் போய்க் கடலில் இறங்குவது என்று விமானி முடிவு செய்துகொண்டார். இருளில், கடலில், ஜம்போ விமானத்தை இறக்குவது! அதற்கு முன் யாரும் செய்து பார்த்ததில்லை.

13,500 அடியில் 4ஆவது எஞ்சின் எழுந்தது. முதலில் அணைந்தது எதுவோ அதுவே முதலில் எழுந்தது. சற்றுப் பொறுத்து 3ஆவதும், பிறகு மற்ற இரண்டும் எழுந்தன. மலைகளுக்கு மேலே பத்திரமாகப் போகலாம் என்று 15,000 அடிக்கு ஏறினால், அங்கே மீண்டும் அதே ஒளிப்பொறிகள். 2ஆவது எஞ்சின் மீண்டும் திணற, அதை நிறுத்திவிட்டு மூன்று எஞ்சின்களோடு ஜகார்த்தாவின் ஹலீம் விமான நிலையத்துக்கு வந்தார்கள். அங்கே இன்னொரு சோதனை காத்திருந்தது. முன்கண்ணாடி முழுவதும் தேய்ந்து பால் நிறமாகியிருந்தது; ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்றில் மட்டுமே வெளியே பார்க்க முடிந்தது. விமானத்தின் இறங்கு விளக்குகளின் கண்ணாடியும் அப்படியே. இறங்கும் சரிவைக் காட்டும் நிலையக் கருவியோ அன்றைக்கு வேலை செய்யவில்லை. இத்தனை தூரத்தில் இத்தனை உயரம் இருக்க வேண்டும் என்று கிரீவ்ஸ் ஒவ்வொரு படியாகக் கணக்குச் சொல்ல, அந்தக் குரலைக் கேட்டபடியே மூடி இறக்கினார். தரையைத் தொட்ட பிறகும் தாமாக ஓட்டிச் சென்று நிறுத்த முடியவில்லை. நிலையத்தின் விளக்கொளி பட்டதும் தேய்ந்த கண்ணாடியில் கூச்சம் பரவி ஒன்றுமே தெரியாமல் போனதால், இழுவை வண்டி வந்து இழுத்துப்போக வேண்டியிருந்தது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

அந்த விமானத்துக்கு என்ன நேர்ந்தது? மேற்கு ஜாவாவில் உள்ள கலுங்குங் என்ற எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் அது நுழைந்துவிட்டது. அந்த எரிமலை அன்றிரவு திடீரென்று வெடித்ததா? இல்லை, அன்பர்களே, இல்லை. ஏப்ரல் 5ஆம் தேதியே அது வெடிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டரை மாதத்துக்கும் மேலாக அதன் அடிவாரத்து ஜனங்கள் சாம்பலைக் கூரையிலிருந்து வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர் ஊரை விட்டே வெளியேறியிருந்தார்கள். வயலில் நின்ற உழவனுக்குத் தெரியும். சந்தைக்குப் போன பெண்ணுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். அந்த மலைநாட்டின் வானத்தினூடே 263 உயிர்களைச் சுமந்து வந்தவருக்கு மட்டும் தெரியாது! இதன் பிறகாவது வழி அடைபட்டதா? சில நாள் அடைத்தார்கள், மீண்டும் திறந்தார்கள். பத்தொன்பது நாட்களில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஜம்போ விமானம் ஒன்று அதே பகுதியில் மூன்று எஞ்சின்களை நிறுத்தும்படி நேர்ந்தது.

இனி, அந்தச் சாம்பல் இன்னதென்று பார்ப்போம். அடுப்பிலிருந்து வாரிப்போடும் சாம்பல் விறகு எரிந்து மிஞ்சியது, மிருதுவானது. எரிமலையிலோ எதுவும் எரிவதில்லை. பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலேறி, அதன்மேல் இருந்த அழுத்தம் குறைந்ததும், அவ்வாயுக்கள் ஒரே சமயத்தில் விரிந்து குழம்பைச் சுக்குநூறாக உடைத்து எறிகின்றன. தெறித்த துளிகள் ஆகாயத்தில் க்ஷணத்தில் இறுகிக் கண்ணாடியாகிவிடுகின்றன. அந்தக் கண்ணாடித் தூளும், பாறைத் தூளும், படிகத் தூளும் சேர்ந்ததே எரிமலைச் சாம்பல். 2 மில்லிமீட்டருக்குச் சிறியவை எல்லாம் சாம்பல் என்பது விஞ்ஞானிகள் வகுத்திருக்கும் அளவு. விமானம் பறக்கும் உயரத்தில் பல நாள் மிதந்து திரிபவையோ கண்ணுக்கே தெரியாத நுண்துகள்கள். 2010ஆம் ஆண்டு ஐஸ்லாந்தில் எழுந்த சாம்பலை அந்நாட்டு விஞ்ஞானிகளும் டென்மார்க்கின் விஞ்ஞானிகளும் பரிசோதித்தபோது, இரண்டு வார காலம் தண்ணீரில் இட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தும் அத்துகள்களின் முனை மழுங்கவில்லையாம். அத்தகைய பொருளின்மேல் மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதினால் கண்ணாடி தேயாமல் என்ன செய்யும்?

எவ்வளவு தூரம் போகும் இந்தத் துகள் என்பதற்கு ஒரு சாட்சியம் நம் அண்டை மாநிலத்திலேயே இருக்கிறது. ஆந்திரப் பிரதேசத்தின் ஜ்வாலாபுரம் என்ற ஊரில், மண்ணைத் தோண்டினால் வெளிறிய சாம்பற் படுகை ஒன்று கிடைக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்ராவின் டோபா எரிமலை வெடித்தபோது வங்கக் கடலைத் தாண்டி வந்து விழுந்த சாம்பல் அது. வியாபாரத்துக்காக அதை வெட்டி எடுத்துக்கொண்டும் போகிறார்கள். சரித்திரத்தை மூட்டை கட்டி விற்பதில் நம்மவரை வெல்ல ஆள் இல்லை. போகட்டும், அது வேறு பேச்சு.

முன்கண்ணாடி தேய்வது கண்ணுக்குத் தெரியும் சேதம். எஞ்சினுக்குள் நடப்பதுதான் உயிருக்கு உலை வைப்பது. ஜெட் எஞ்சின் என்பது முன்னால் காற்றை விழுங்கி, அதை நெருக்கி, எரிபொருளோடு சேர்த்துக் கொளுத்தி, பின்னால் பீறிட்டு வெளியேற்றும் யந்திரம். எரியறையின் உஷ்ணம், விமானம் சாதாரணமாகப் பறக்கும் வேகத்தில் 1,400 டிகிரி அளவுக்கு இருக்கும். எரிமலைக் கண்ணாடியோ 1,100 டிகிரி சுமாரிலேயே உருகிவிடும். ஆகவே காற்றோடு உள்ளே போன துகள் எரியறையில் உருகுகிறது. உருகியது அடுத்தபடியாக, எரிந்த வாயுவை டர்பைன் என்னும் சுழலிக்குள் நெறிப்படுத்தி அனுப்பும் தகடுகளின்மேல் போய்ப் படுகிறது. கடலை மிட்டாய்க்குக் காய்ச்சிய வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். விட்டதும் அது இறுகி, தட்டினால் ஓசை எழும்பும். அப்படித்தான், சற்றே குளிர்ந்த தகட்டில் பட்டதும் அந்தக் கண்ணாடிப் பாகு இறுகி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதன்மேல் மேலும் ஒட்டுகிறது. வாயு போகும் வழி குறுகுகிறது. பின்னால் போக வேண்டிய காற்று முன்னோக்கி எதிர்க்கிறது. எஞ்சின் விக்குகிறது, உறுமுகிறது, அணைகிறது.

அணைந்த எஞ்சின் பிறகு எப்படி எழுந்தது? அணைந்ததனாலேயே எழுந்தது! நெருப்பு நின்றதும் தகடுகள் குளிர்ந்தன. குளிர்ந்ததும் ஒட்டியிருந்த கண்ணாடி வெடித்து உதிர்ந்தது. அதற்குள் விமானமும் சாம்பல் மேகத்தை விட்டுக் கீழே இறங்கித் தூய காற்றை அடைந்திருந்தது. ஓரளவு வழி திறந்தது, எஞ்சின் பற்றிக்கொண்டது. ஜாவாவின் வானில் அந்த 263 பேரைக் காத்ததில் விமானிகளின் திறமைக்கு எவ்வளவு பங்கோ, அந்த எஞ்சின்கள் அணைந்தே போனதற்கும் ஏறத்தாழ அவ்வளவு பங்கு என்று நான் துணிந்து சொல்வேன்.

இந்த உண்மையை மறுபுறமிருந்து விளக்க மற்றொரு சம்பவம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டோக்கியோ செல்லும் வழியில், அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்க வந்துகொண்டிருந்தது கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானம். பறக்கத் தொடங்கி ஆறு மாதமும் ஆகாத புத்தம் புதியது. முந்திய நாள்தான் ரெடவுட் என்ற எரிமலை வெடித்திருந்தது. திடீரென்று சுற்றிலும் இருள் சூழ, சாம்பலில் நுழைந்துவிட்டோம் என்று உணர்ந்த விமானிகள், அதற்கு மேலே ஏறித் தப்பிவிடலாம் என்று எஞ்சின்களை முழு வேகத்தில் முடுக்கினார்கள். யாருக்கும் இயல்பாகத் தோன்றுவது அதுதான். அபாயத்திலிருந்து ஓடுகிறவன் வேகத்தைக் கூட்டத்தானே செய்வான்? ஆனால் வேகம் கூடினால் உஷ்ணம் கூடுகிறது. உஷ்ணம் கூடினால் சாம்பல் உருகுவது கூடுகிறது. உள்ளே போகும் காற்றும் கூடுவதால் சாம்பலும் கூடுகிறது. நான்கு எஞ்சின்களும் அணைந்தன. 245 பேரோடு அந்த விமானம் 14,000 அடிக்கு மேல் சரிந்த பிறகே எஞ்சின்களை மீண்டும் இயக்க முடிந்தது. பத்திரமாக இறங்கியது. பழுதுபார்த்த செலவு மட்டும் 8 கோடி டாலர். எஞ்சின்கள் நான்கையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகையால் இன்றைக்கு விமானிகளுக்குக் கற்பிக்கும் பாடம் இயற்கையான உந்துதலுக்கு நேர் விரோதமானது. சாம்பலில் நுழைந்துவிட்டாய் என்றால் மேலே ஏறாதே. எஞ்சின் வேகத்தைக் குறை. உயரம் இடங்கொடுத்தால் எஞ்சின் ஓடுவதற்குரிய மிகக் குறைந்த வேகத்துக்கே கொண்டுவா. வந்த வழியே திரும்பு. எவ்வளவு பெரிதென்று தெரியாத மேகத்தின் மறுகரையைத் தேடிப் போவதைவிட, சற்று முன் விட்டுவந்த கரைக்குத் திரும்புவது மேல். கேட்பதற்கு எளிமையான விதிகள். இவற்றைக் கண்டறிவதற்குக் கொடுத்த விலையோ நீங்கள் கேட்டது.

நுழையாமலே தப்பலாகாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் தொல்லை. விமானத்தின் ராடார் மழைத்துளியின்மேல் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு மேகத்தைக் காண்பது. உலர்ந்த நுண்துகள் அதற்குப் புலப்படுவதில்லை. பகலில் விமானி கண்ணால் காணலாம் என்றால், தூரம் செல்லச் செல்லச் சாம்பல் மேகம் சாதாரண மேகத்தினின்று வேறுபாடு தெரியாமல் போகிறது. இரவில் கேட்கவே வேண்டாம். உள்ளே போன பிறகு தெரியும் அடையாளங்கள் பல உண்டு: கந்தக நெடி, அறையில் புழுதி, கண்ணாடியில் ஒளிப்பொறி, வானொலியில் இரைச்சல், வேகங்காட்டும் கருவியின் பிறழ்ச்சி. ஆனால் அவையெல்லாம் பாம்பு கடித்த பிறகு விஷத்தின் குறி பார்ப்பது போலத்தான். சாம்பலை முன்கூட்டியே காண, மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளால் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த ஃப்ரெட் பிராட்டா என்ற விஞ்ஞானி, 1989ஆம் ஆண்டில் ஓர் அருமையான உபாயத்தை விளக்கினார்: அருகருகே உள்ள இரண்டு அகச்சிவப்பு அலைநீளங்களில் ஒரே மேகத்தைப் பார்த்தால், நீராலும் பனியாலும் ஆன மேகம் ஒரு விதமாகவும், பாறைத் துகளால் ஆன மேகம் அதற்கு எதிர்விதமாகவும் தோன்றும், இரண்டு அளவுகளையும் கழித்துப் பார்த்தால் எது எது என்று பிரித்துவிடலாம்.

பார்த்தவன் பார்த்ததைச் சொல்ல வேண்டுமே? அதற்கொரு ஏற்பாடு வேண்டுமே? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஜாவா சம்பவத்துக்குப் பிறகு விழித்துக்கொண்டு, வான் வழிகளுக்கான எரிமலைக் கண்காணிப்பு ஒன்றை ஏற்படுத்திற்று. 1991ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிலிப்பைன்ஸின் பினடூபோ வெடித்து, அதன் சாம்பலில் பல விமானங்கள் சிக்கிச் சேதமுற்ற சில வாரங்களுக்குள்ளேயே, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எரிமலை ஆராய்ச்சியாளரும் விமானத் துறையினரும் முதன்முதலாக ஒரே மாநாட்டில் கூடினார்கள். அதுவரை எரிமலை ஆராய்பவன் விமானியை அறியான். விமானி எரிமலை ஆராய்பவனை அறியான். இன்று உலகத்து ஆகாயம் ஒன்பது ஆலோசனை நிலையங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. டார்வின், டோக்கியோ, லண்டன், துலூஸ், வாஷிங்டன் போன்ற நகரங்களில் அமர்ந்து, இரவு பகல் என்று பாராமல், எங்கே புகைகிறது, எவ்வளவு உயரம், காற்று எந்தத் திசையில் கொண்டுபோகிறது என்று கணித்து அறிவிக்கிறார்கள். மலையின் நிலைமையைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தால் குறிக்கும் வழக்கம் ரெடவுட் வெடிப்பின்போது அலாஸ்காவில் பிறந்தது.

செய்தி சேரும் வழி இப்படித் திறந்தது. ஆனால் செய்தி கிடைத்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வி விடை எழுதப்படாமலே கிடந்தது. அதை 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி ஐஸ்லாந்தின் எயாஃப்யாட்லயோகுட்ல் எரிமலை உலகத்தின் முன் வைத்தது. பனிப்பாறைக்கு அடியிலிருந்து எழுந்த குழம்பு, உருகிய பனிநீரோடு மோதி மிக நுண்ணிய துகளாகச் சிதறிற்று. வடமேற்குக் காற்று அதை ஐரோப்பாவின்மேல் கொண்டுவந்து பரப்பிற்று. ஆறு நாள் அளவுக்கு ஐரோப்பாவின் ஆகாயத்தில் பெரும்பகுதி அடைபட்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விமானப் பயணங்கள் ரத்தாயின. 1 கோடிப் பேர் வழியிலே நின்றார்கள். விமான நிறுவனங்களுக்கு நஷ்டம் 170 கோடி டாலர். போலந்து ஜனாதிபதியின் இறுதிச் சடங்குக்குப் போக வேண்டிய தேசத் தலைவர்கள் பலர் போக முடியவில்லை. பார்சிலோனா கால்பந்தாட்டக் குழு மிலான் நகரத்துப் பந்தயத்துக்குப் பேருந்தில் போயிற்று. ஆப்பிரிக்காவின் கென்யாவில், ஐரோப்பியச் சந்தைக்கென்று பறித்த பூக்களைக் குவியல் குவியலாகக் கொட்டினார்கள். ஐஸ்லாந்தில் மலை புகைய, பூமத்திய ரேகையில் பூ வாடிற்று!

அப்போது விமான நிறுவனங்கள் கொதித்து எழுந்தன. கண்ணால் காண முடியாத சாம்பலுக்காகக் கண்டம் முழுவதையும் பூட்டுவதா என்று கேட்டன. பிரயாணிகள் இன்றிச் சோதனைப் பறப்புகள் நடத்தி, பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை என்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தலைவர் வில்லி வால்ஷ் தாமே அத்தகைய பறப்பு ஒன்றில் ஏறி அமர்ந்து சென்றார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் ஆகாயத்தை அடைத்தவர்கள் பக்கமே நான் நிற்பேன். சாம்பல் இருந்தால் பறக்காதே என்பதே அன்றைய ஒரே விதி. எவ்வளவு சாம்பலை எஞ்சின் தாங்கும் என்று எஞ்சின் செய்தவர்கள் அதுவரை ஓர் அளவு சொன்னதில்லை. அளவு தெரியாதபோது அதிகாரி ஒருவர் வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? ஜாவா சம்பவம் நிகழ்ந்து 28 ஆண்டுகள் கழிந்தும் கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு, வழியடைபட்ட ஆறு நாட்களுக்குள் விடை கிடைத்துவிட்டது: ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று ஏப்ரல் 20ஆம் தேதி பிரிட்டனில் ஒப்புக்கொண்டு, அன்றிரவே வழியைத் திறந்தார்கள். பணம் கரைகிற வேகத்தில் விஞ்ஞானம் வளருகிறது!

இப்போது நம் தலைக்கு மேலே நடந்ததற்கு வருகிறேன். 2025ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி, எத்தியோப்பியாவின் அஃபார் பிரதேசத்தில், மனிதர் எழுதிவைத்த சரித்திரத்தில் வெடித்ததாகக் குறிப்பே இல்லாத ஹெய்லி குப்பி என்ற எரிமலை வெடித்தது. ஆடு ஒட்டகம் மேய்ப்பவர்கள் திரியும் வறண்ட பூமி அது. சாம்பல் பதினான்கு கிலோமீட்டர் உயரம் எழும்பி, செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் நாடுகளின் மேலாக அரபிக்கடலில் புகுந்து, மறுநாள் இரவு குஜராத், ராஜஸ்தான், டில்லி வரை வந்துவிட்டது. ஆனால் அது வருவதற்கு வெகு முன்னரே அதன் செய்தி வந்துவிட்டது. செயற்கைக்கோள் கண்டது, துலூஸ் நிலையம் கணித்து அறிவித்தது, நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனங்களை எச்சரித்தது. சில பயணங்கள் ரத்தாயின. சில வழி மாறின. அந்தப் பகுதியில் பறந்துவந்த விமானங்களைப் பரிசோதித்தார்கள். எஞ்சினில் சிறு மாறுதல் கண்டாலும், அறையில் புகையோ நெடியோ தோன்றினாலும் உடனே தெரிவிக்கும்படி கட்டளை பிறந்தது. கலுங்குங் மலையை ஜாவாவில் அறியாதார் இல்லை, விமானி அறியவில்லை. ஹெய்லி குப்பியை அதன் தேசத்துக்கு அப்பால் அறிந்தவர் அபூர்வம், விமானிகள் அனைவரும் சில மணி நேரத்தில் அறிந்துவிட்டார்கள்.

அதனால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். உலகில் இனியும் வெடிக்கக்கூடிய எரிமலைகள் ஏறக்குறைய 1,350 என்கிறார்கள். அவற்றுட் பலவற்றில் நில அதிர்வைப் பதியும் கருவி ஒன்றுகூடக் கிடையாது. நம் தேசத்திலேயே எரிமலை ஒன்று இருக்கிறது. ஸ்ரீவிஜயபுரம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் கடலில், பாரன் தீவு. சுமார் நூற்றைம்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்து 1991இல் விழித்துக்கொண்ட அது, அதன் பிறகு அவ்வப்போது புகைந்துகொண்டிருக்கிறது. அங்கே ஜனங்கள் இல்லை. ஓடி வந்து சொல்ல உழவன் இல்லை, சந்தைக்குப் போகும் பெண் இல்லை. செயற்கைக்கோளை மேகம் மறைக்கும் நாளில், முதலில் காண்பவர் பெரும்பாலும் அவ்வழியே பறக்கும் விமானியாகவே இருப்பார். அதற்கென்றே சர்வதேச விதிகளில் ஒரு படிவம் இருக்கிறது: புகையை எங்கே கண்டீர், எந்த நேரம், எவ்வளவு உயரம், என்ன நிறம், எத்திசையில் நகருகிறது என்ற கேள்விகள் அதில் வரிசையாக இருக்கின்றன. விமானி அவற்றுக்குரிய விடைகளைப் பறந்தபடியே வானொலியில் தெரிவிக்கிறார். மிச்சத்தை இறங்கிய பிறகு எழுதிக் கொடுக்கிறார். அந்த எழுத்து டார்வின் நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து பின்னால் வரும் விமானங்களுக்குப் போகிறது.

மாணவர்கள் சிலர் கையில் காகிதத்தோடு எழுந்து நிற்கிறார்கள். தலைவர் அனுமதித்தால் அவர்கள் கேள்விகளை இப்போதே கேட்கலாம்.